பொங்குறவுக எங்க, சார்?

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் சுவரைப் பார்க்க மாட்டார். செருப்பை வாசலில் விட்டு, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பொங்குறவுக எங்க, சார்?"

அந்த வீட்டில் சமைக்கிறவர் எங்கே என்று அர்த்தம். அந்த அம்மாள் வந்து நிற்கும்வரை கொடுத்த டீயைக்கூடக் குடிக்க மாட்டார். வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் அவர் பேச்சு காற்றோடு போகும்.

வீடு கட்டும் மேஸ்திரிகள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இவர் பழைய அடுப்படியை உடைத்துப் புதிதாக்கும் வேலையை மட்டும்தான் செய்வார். அதனால் விளாங்குடியில் அவரை அடுப்படி மேஸ்திரி என்றே சொன்னோம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒரு தடவை நான் கெடுத்தது போதும்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவன். மிஷன் பள்ளி. எங்கள் தெருவில் இருந்தவர்களில் பாதிப்பேர் அதே பள்ளி ஆசிரியர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் அடுப்படி ஆசை வந்தது. அதுவரை தரையில் உட்கார்ந்து அரிந்துகொண்டும், ஒரு மூலையில் சிமெண்டு மேடையில் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டும் இருந்த வீடுகளில் கிரானைட், டைல்ஸ், சிங்க் என்ற பேச்சு எழுந்தது.

முதலில் மாற்றியது தமிழாசிரியர். அவர் வீட்டில்தான் மேஸ்திரியின் வேலையை முதன்முதலாகப் பார்த்தேன். பழைய மேடையை இடித்து எடுத்துவிட்டு, வெறுந்தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டிருந்தார். இது அடுப்பு, இது சிங்க், இது அலமாரி. தமிழாசிரியரின் மனைவியை நடுவில் நிறுத்திவிட்டு, கவிழ்த்த சிமெண்டுச் சட்டியில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, சாம்பார் வைங்க."

"எங்கய்யா வைக்க? வெறுந்தரையிலயா?"

"வச்சதா நெனச்சுக்கங்க. பருப்பு வெந்துருச்சு. இனி நீங்க பாத்து எறக்குங்க."

அந்த அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் கை தானாகவே பழகிய இடத்துக்குப் போனது. இல்லாத டப்பாவைத் திறந்தாள், இல்லாத புளியைக் கரைத்தாள், இல்லாத கரண்டியால் கிண்டி உள்ளங்கையில் விட்டு ருசியும் பார்த்தாள். மேஸ்திரி கண் எடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

"உப்புக்கு மூணு தடவ திரும்பிட்டீக. உப்பு இங்குட்டு வரணும். பெருங்காயத்துக்கு எம்புறீக. அந்த அலமாரி அம்புட்டு ஒசரம் ஆகாது."

வாசற்படியில் நின்ற தமிழாசிரியர், "எனக்கென்னவோ சாம்பார்ல உப்புக் கொஞ்சம் தூக்கலாத் தெரியுது" என்றார்.

"அப்ப ஓட்டல்ல போய்ச் சாப்பிடுங்க. இன்னைக்கு இம்புட்டுத்தான் சமையல்" என்றாள் அந்த அம்மாள்.

அதன்பிறகு நூல். இடுப்பிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து, தமிழாசிரியரின் மகளிடம் கொடுத்து அம்மாவின் முழங்கையிலிருந்து தரைவரை பிடிக்கச் சொன்னார். முழங்கைக்கு ஒரு முடிச்சு. அதற்கு நான்கு விரற்கடை கீழே இன்னொரு முடிச்சு. அந்த இரண்டாவது முடிச்சுதான் மேடையின் உயரம். அங்குலக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அடுப்பு மேடைக்கு டேப்பைத் தொட மாட்டார்.

"ஒரு நாள் போடுற கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்குறீக. மூணு வேளையும் நிக்கிற எடத்துக்கு அளவு கொடுக்க வேணாமா?" என்பார்.

இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் என் வீட்டு வேலையை அவரிடம் கொடுத்தேன்.

என் மனைவி அப்போது வாடிப்பட்டியில் இருந்தாள். தங்கை மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனவள் நாற்பது நாள் கழித்துத்தான் திரும்புவாள். அவள் வருவதற்குள் புது அடுப்படியைக் கட்டி முடித்து அவளைத் திகைக்க வைக்க வேண்டும் என்பது என் திட்டம். கட்டத்தாளில் படம் வரைந்து, பென்சிலால் நிழல்கூடக் கொடுத்திருந்தேன். மேஸ்திரி வந்தார். செருப்பைக் கழற்றினார். துண்டு தோளுக்குப் போனது.

"பொங்குறவுக எங்க, சார்?"

சொன்னேன். படத்தையும் நீட்டினேன். வாங்கி, தலைகீழாகவும் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அக்கா வரட்டும் சார். வந்து ஆரம்பிப்போம்."

இப்படி மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நான்காம் தடவை டைல்ஸ் மட்டுமாவது பார்த்துவிடலாம் என்று அவரைக் கோரிப்பாளையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு பாய் கடை. மேஸ்திரி கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதைக் கண்டதுமே பாய் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"வந்துட்டாருய்யா சமையக்காரரு! மாப்ள, உனக்குக் கும்பிடு போடுறேன், சாம்பிள்ல பூசாத."

"அரை மணி நேரந்தான் பாய். உங்க கல்லு நல்ல கல்லுன்னா பயம் எதுக்கு?"

பையிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலம், புளித்தண்ணீர், காப்பி டிகாஷன், ஒரு குப்பியில் வடைசுட்ட எண்ணெய் எல்லாம் வெளியே வந்தன. வரிசையாக அடுக்கிய மாதிரிக் கற்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சொட்டு. காய்ந்த பிறகு ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பார். கறை போகாத கல்லைப் பாயின் பக்கமாகத் தள்ளி வைப்பார். வேறு வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "இம்புட்டும் செஞ்சுட்ட, ஒரு வடையும் போட்டுக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

நான் தேர்ந்தெடுத்தது பழக்கூடைப் படம் போட்ட சுவர் டைல்ஸ். ஆப்பிள், திராட்சை, பாதி உரித்த ஆரஞ்சு.

"இது எதுக்கு சார்? தெனமும் கண்ணு முன்னாடி தொங்கும், கைக்கு வராது. கத்திரிக்கா வெட்டிக்கிட்டிருக்க அக்காவுக்கு வயித்தெரிச்சலாயிரும்."

மேடைக்கு முகம் தெரிகிற கறுப்புக் கிரானைட் கேட்டேன். எங்கள் தலைமையாசிரியர் வீட்டில் அதுதான்.

"கறுப்புல கடுகு சிந்துனாத் தெரியாது, எறும்பு ஏறுனாத் தெரியாது. தலைமையாசிரியர் வீட்டுல பொங்குறது வேலைக்கார அம்மா. அவுகளக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. அதையேதான் வாங்கினேன். கடையை விட்டு வெளியே வந்ததும் அவர் இன்னொரு தடவை கெஞ்சினார்.

"வாடிப்பட்டி என்ன சீமையா சார்? பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். நூலக் கொண்டு போயி அளந்துட்டு வாரேன். எதுக்குன்னு அக்காகிட்டச் சொல்ல மாட்டேன்."

மறுத்துவிட்டேன். ஆச்சரியம் கெட்டுவிடும் என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு அளவெடுக்கவும் அதில் வரும் பிழையைத் திருத்தவும் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஒரு நூல்கண்டுக்குப் பணிய மனம் இல்லை. வீட்டுக்கு அழைத்து வந்து கூடத்துச் சுவரிலிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றினேன். ஸ்டூடியோவில் இருவரும் நின்று எடுத்தது. ஸ்கேலை வைத்துப் படத்தில் என் உயரத்தை அளந்தேன், அவள் உயரத்தையும் அளந்தேன். என் நிஜ உயரம் தெரியும். விகிதம் போட்டால் அவள் உயரம் வந்துவிடும். என் காதுவரை வந்தாள். அதிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மேடை. தாளில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு நீட்டினேன்.

அவர் போட்டோவையே வெகுநேரம் பார்த்தார்.

"சார், போட்டோ பொங்குமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்தஞ்சு வருஷமா கூட வாழ்றேன். என் பொண்டாட்டி உயரம் எனக்குத் தெரியாதா? உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாக்குறேன்" என்றேன்.

அவர் பணிந்ததற்குக் காரணம் இருந்தது. முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் இன்னும் மூன்று ஆசிரியர்கள் என் வீட்டு வேலை எப்படி வருகிறது என்று காத்திருந்தார்கள். அந்த மூன்று வீடும் கிடைத்தால் அந்த வருடம் அவர் கேரளாவுக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை. "மக பத்தாவது படிக்குது சார். இந்த வருசமாச்சும் வீட்டோட இருக்கணும்னு பாக்குறேன்." இதைத் தெரிந்துகொண்டுதான் நான் வேறு ஆள் என்ற வார்த்தையைச் சொன்னேன்.

அவர் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு நூல்கண்டு வெளியே வரவே இல்லை.

வேலை என்னவோ பிரமாதம். மூலைகளில் ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது. சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்காது. பழக்கூடைகளைக்கூட நேர்கோட்டில் நிறுத்தியிருந்தார். அவள் திரும்புகிற நாளில் போதகரையும் தெருவிலிருந்த ஆசிரியர்களையும் வரச்சொல்லியிருந்தேன். மேஸ்திரியும் துவைத்துத் தேய்த்த சட்டையில் வந்திருந்தார். காலை பஸ்ஸில் வந்திறங்கியவளைக் கையில் பையோடு அப்படியே அடுப்படிக்குக் கூட்டிப் போனோம். போதகர் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எங்கே, முதல் காப்பி போடு என்றேன்.

அவள் மேடைக்கு முன்னால் போய் நின்றாள். பால்சட்டியைத் தூக்கி வைத்தாள். கரண்டியை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தபோது இரண்டு முழங்கைகளும் பக்கவாட்டில் மேலே போயின. சிறகைத் தூக்கிய கோழி மாதிரி இருந்தது. சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எம்பினாள்.

கணக்கு வாத்தியாரின் மனைவி வாய்விட்டே கேட்டுவிட்டாள். "என்னக்கா, மேடை உங்க நெஞ்சுக்கு வருது? ஏணி போட்டுத்தான் தாளிக்கணும்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி அளவுல கோட்டை விட்டுட்டாரு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் அவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். என் கணக்குத்தாள் அப்போதும் அவர் சட்டைப்பையில் இருந்திருக்கலாம். எடுக்கவில்லை.

"ஆமாங்க. தப்பு நம்ம பக்கந்தான்" என்றார். "அக்காவ நிக்க வச்சு அளக்காமக் கட்டுனேன்ல. அது தப்புத்தான்."

காப்பியை முழுதும் குடித்துவிட்டு, தம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போனபிறகு அவள் கேட்டாள், "எப்படிங்க அளந்தாக?" மறைக்க முடியவில்லை. போட்டோவைக் காட்டி விகிதத்தை விளக்கினேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, என் காலுக்கடியில பலகை இருந்துச்சுங்க! நீங்க அம்புட்டு ஒசரம், நான் இம்புட்டு. ரெண்டு தலையும் சேந்து அமையலன்னு போட்டோக்காரரு ஒரு பலகையப் போட்டு, அதும்மேல ஏத்தி, சேலைய எறக்கிவிட்டு மறைச்சாரு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

பக்கத்தில்தான் நின்றேன். கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து வருடம் என் தோள்வரைதான் வருகிறாள் என்பது கண்ணில் படாமல், போட்டோவில் இருந்தவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

சிரித்து முடித்தபின் அவள் முகம் மாறியது. "பாவம் அந்த மனுசன். போய் எல்லார்ட்டயும் சொல்லிட்டு வாங்க."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை. மூன்று வீடுகளும் வேறொரு மேஸ்திரிக்குப் போயின. பள்ளி ஓய்வறையில் அதைப் பற்றிப் பேசியபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வைகாசி முடிவதற்குள் அவர் கேரளாவுக்குப் போய்விட்டதாகத் தமிழாசிரியர் சொன்னார்.

இதற்கிடையில் எங்கள் மேடைக்கு முன்னால் ஒரு பலகை முளைத்திருந்தது. அரைச் சாண் உயரம், இரண்டு ஆள் நிற்கிற நீளம், விளிம்பெல்லாம் இழைத்து வழவழவென்று இருந்தது. தச்சரிடம் சொல்லிச் செய்ததாக அவள் சொன்னாள். அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து, குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க மறுபடியும் பாய் கடைக்குப் போனேன். உள்ளே ஒரே கூட்டம். நடுவில் மேஸ்திரி, தலைமயிரில் கொஞ்சம் நரை. இளம் மனைவி ஒருத்தி கடையின் நடுவே நின்று இல்லாத ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க சார்! நல்லாருக்கீகளா? அக்கா சௌக்கியமா?" அந்தப் பையனிடம் திரும்பி, "சார் வீட்டு அடுப்படி நம்ம கட்டுனதுதான்" என்றார்.

பையன் மரியாதையாகக் கேட்டான். "எப்படி சார் இருக்கு வேலை?"

எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. நல்ல வேலை, தப்பு என்னுடையது என்று நான்கு வார்த்தை போதும். பாய் கேட்டுக்கொண்டிருந்தார், இன்னும் பத்துப்பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்லை" என்றேன்.

பையனின் முகம் சுருங்கியது. அவன் மனைவி தாளிப்பதை நிறுத்திவிட்டாள். மேஸ்திரி ஒரு விநாடிகூட விடவில்லை. கடகடவென்று சிரித்தார்.

"சார் பௌதிக வாத்தியாரு தம்பி. நூத்துக்கு நூறு வாங்குனவனுக்கே பரவாயில்லம்பாக. இது நமக்குப் பெரிய மார்க்கு!"

கடை முழுவதும் சிரித்தது. "தாளிங்க தாயி, கடுகு கருகுது" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே இல்லாத கரண்டியை எடுத்தாள். என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று பஸ் ஸ்டாப்புவரை யோசித்தேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டார்.

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

இப்போது எங்கள் வீட்டில் பொங்குகிறவன் நான். அவளுக்குத் தோள் இறுகிப்போய் வலது கையைத் தூக்க முடிவதில்லை. அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏவுகிறாள், நான் செய்கிறேன். சமைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் அந்தப் பலகை இரண்டு தடவை என் காலை இடறிவிட்டது. "எந்தத் தச்சன் செஞ்சான் இதை?" என்று எரிந்து விழுந்தேன்.

"தச்சன் செய்யல. மேஸ்திரி செஞ்சாரு" என்றாள்.

ஜெபம் நடந்த நான்காம் நாள், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவரே வந்தாராம். அவளை நிறுத்தி, சாம்பார் வைக்கச் சொல்லிப் பார்த்தாராம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நூலைக் கொடுத்து முழங்கைக்கு முடிச்சுப் போட்டாராம். மேடையை இடித்துத் தணித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். இடித்தால் ஊருக்கே தெரியும், எங்க வீட்டுக்காரருக்குச் சங்கடம் என்று இவள் வேண்டாமென்றிருக்கிறாள். அப்படியானால் மேடை இறங்க வேண்டாம், நீங்கள் ஏறுங்கள் என்று மறுநாள் பலகையோடு வந்தாராம்.

"என்னப் பத்தி என்ன சொன்னாரு?"

"சார் போட்ட படம் நல்ல படந்தான் அக்கா, ஆளத்தான் மாத்திப் போட்டுட்டாகன்னாரு. உங்ககிட்டச் சொல்ல வேணாம், மனசு கஷ்டப்படுவாகன்னாரு. நானும் சொல்லல. நீங்களா வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்."

கேட்க எனக்கு இருபது வருடத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

மறுநாள் அவர் குடியிருந்த தெருவுக்குப் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மகள் நர்சு வேலையில் இருக்கிறாள், அவளோடு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் கணக்கு வாத்தியார் வீட்டில் ஏறினேன். அந்த மூன்று வீடுகளில் இன்று ஆள் இருப்பது அங்கேதான். அவர் மனைவியும் இருந்தாள். இருவரையும் உட்காரவைத்துப் போட்டோவிலிருந்து கடையில் சொன்ன 'பரவாயில்லை' வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனைவிதான் பேசினாள்.

"அப்ப இம்புட்டு வருசமா நான் இடுப்ப ஒடிச்சுக்கிட்டு நின்னது உங்களாலதானா? அந்த இன்னொரு மேஸ்திரி கட்டுன மேடை எந் தொடைக்கு வருது சார். வாங்க வந்து பாருங்க!"

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். உண்மைதான். குனிந்து நின்று எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாள். குனிகிறபோதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு நியாயமான தண்டனையை நான் வாங்கியதில்லை.

அன்று மதியம் சாம்பார். பலகையை அவள் காலடிக்குத் தள்ளிவிட்டு, மேடைக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தேன். அவள் பலகைமேல் கால்களை வைத்துக்கொண்டு என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

நின்றேன். வயதாகி முதுகு வளைந்து நான் வெகுவாகக் குறுகிவிட்டேன். என் முழங்கைக்குச் சரியாக நான்கு விரல் கீழே கறுப்புக் கிரானைட் பளபளத்தது. போட்டோவிலிருந்து நான் கணக்கிட்டு எடுத்த அந்தப் பெண்ணின் உயரத்துக்கு நானே வந்து சேர்ந்திருந்தேன்.

"மேஸ்திரி சரியாத்தான் கட்டியிருக்காரு" என்றாள். "ஆளு வரத்தான் நேரமாயிருச்சு."

உப்பு டப்பாவுக்காகத் திரும்பினேன். போட்டுவிட்டுத் திரும்பி, போதவில்லை என்று மறுபடி திரும்பினேன்.

"ரெண்டு" என்று எண்ணினாள் அவள்.